பெயர் ஒன்று, பண்டம் வேறு

சட்டத் தொழிலை நாம் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை என்பதை நமது வாசகர்களில் பலர் அறிவார்கள். ஆனி மாதக் கடைசியில் ஒரு வழக்கின் நிமித்தம் தென்காசிக்குப் போக நேர்ந்தது. போன அன்றே வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. கட்சிக்காரர் முகம் வாடினார். நாமும் வாடினோம் என்று சொன்னால் அது பொய்ச் சாட்சியாகும். மலை முழுவதும் மேகம் கவிந்து, குற்றாலத்தில் சாரல் பொழிந்து, பேரருவியும் ஐந்தருவியும் நிறைந்து விழுந்துகொண்டிருக்கும் காலத்தில் வழக்கு நடப்பதைக் காட்டிலும் நடவாதிருப்பதே நியாயம்.

நம்முடன் சட்டக் கல்லூரியில் வாசித்த நண்பர் ஒருவர் தென்காசியில் வக்கீலாக இருக்கிறார். நமது தமக்கையின் குமாரன், டென்மார்க் தேசத்தில் உத்தியோகம் பார்ப்பவன், விடுமுறைக்கு வந்திருந்தவன், நம்முடன் புறப்பட்டு வந்திருந்தான். மூவருமாக அருவியில் நீராடினோம். அருவியில் குளித்தவனுக்கு உண்டாகும் பசியைப் பற்றி எழுத வேண்டியதில்லை. ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்தில் இருந்த நாட்களில் அவர் வீட்டு விருந்து தமிழ்நாடு முழுவதும் பேசப்பட்டது. அந்தக் கீர்த்திக்கு அவருடைய உபசாரம் பாதியும் அருவி பாதியும் காரணம் என்பது நமது அபிப்பிராயம். இப்பொழுது அந்த உபசாரம் இல்லை. பரோட்டாக் கடைகள் இருக்கின்றன. நண்பர் நம்மைப் பிரானூருக்கு அழைத்துச் சென்றார்.

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் இடையிலுள்ள இவ்விடத்தை ஜனங்கள் ‘பார்டர்’ என்றே சொல்லுகிறார்கள். இன்று இங்கே எல்லை ஒன்றுமில்லை. கேரள எல்லை மேற்கே புளியரைக்கு அப்பால் இருக்கிறது. செங்கோட்டைத் தாலுகா திருவிதாங்கூரைச் சேர்ந்திருந்த காலத்தில் இரண்டு ராஜ்யங்களும் சந்தித்த இடம் இது. 1956-ஆம் வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி செங்கோட்டை சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தது. எல்லை நகர்ந்து போயிற்று. பெயர் மட்டும் நகர மறுத்துவிட்டது. அந்தப் பெயரைத் தன்னோடு சேர்த்துக்கொண்ட ரஹ்மத் கடையின் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் காடையும் பெற்றிருக்கும் கீர்த்தியைச் சாரல் காலத்தில் குற்றாலம் போய்வந்த எவரும் அறிவர்.

இக்கீர்த்தியினால் விளைந்த வேடிக்கை ஒன்றுண்டு. சென்னையிலும் இன்னும் பல நகரங்களிலும் ‘குற்றாலம் பார்டர்’ என்ற சொற்களைத் தாங்கிய பலகைகள் வரிசையாகத் தொங்குகின்றன. அவற்றில் எவை குற்றாலத்தோடு உறவுள்ளவை, எவை குற்றாலத்தைக் கண்ணாலும் காணாதவை என்று பிரித்தறிவது சாமானிய ஜனங்களுக்கு ஆகாத காரியம். சென்ற ஆண்டு ஒரு பெருநகரத்தில் அத்தகைய பலகையை நம்பி நாம் உள்ளே நுழைந்தோம். இலையில் விழுந்த பரோட்டாவைப் பிய்க்க முயன்றபோது, வாசலில் தொங்கிய பலகையையே இறக்கிப் பரிமாறிவிட்டார்களோ என்ற சந்தேகம் நமக்கு உண்டாயிற்று. சால்னாவைப் பற்றி ஒன்றும் சொல்லாதிருப்பதே மரியாதை. அக்கடையின் பெயரை இங்கே வெளியிடப் போவதில்லை. பக்கத்தில் அதே பெயரை வைத்துக்கொண்டு யோக்கியமாகத் தொழில் நடத்தும் ஒருவர் இருக்கக்கூடும்.

பிரானூரில் உட்கார்ந்து இந்தக் கதையை நாம் மிகுந்த மனவருத்தத்தோடு எடுத்துரைத்தோம். கல்லின் முன் நின்ற மாஸ்டர், உருண்டையை வீசிச் சுருட்டித் தட்டிக் கல்லில் இட்டு, வெந்தவற்றை அடுக்கி இரண்டு கைகளாலும் ஓங்கி அடித்துக்கொண்டிருந்தார். மருமகன் சிரித்தான்.

“மாமா, ஊர் விட்டு ஊர் போன பரோட்டாவுக்கு இவ்வளவு வருத்தப்படுகிறீர்களே. நாடு விட்டு நாடு வந்து அதே பெயரில் விற்கிற பண்டங்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் எப்பொழுதாவது எழுதியிருக்கிறீர்களா?”

எழுதவில்லை. ஆகவே இப்பொழுது எழுதுகிறோம்.

அமெரிக்காவில் தோன்றி உலகெங்கும் கிளைவிட்டிருக்கும் துரித உணவுக் கம்பெனிகளின் மூலதனம் எது? கோழியுமன்று, உருளைக்கிழங்குமன்று, நம்பிக்கைதான். டோக்கியோவில் நுழைந்தாலும் டில்லியில் நுழைந்தாலும் அதே பலகை, அதே நிறம், அதே காகிதப் பெட்டி. அறிமுகமில்லாத ஊரில் பசியோடு நிற்கும் பிரயாணிக்கு அப்பலகை, ‘உள்ளே வா, உனக்குத் தெரிந்த பண்டமே இங்கும் கிடைக்கும்’ என்று வாக்குறுதி கொடுக்கிறது. அவ்வாக்குறுதி நிறைவேறுகிறதா என்பதுதான் கேள்வி.

டென்மார்க் தேசத்து வைத்திய ஆராய்ச்சியாளர் ஸ்டெண்டர் என்பவரும் அவருடைய சகாக்களும் 2004, 2005-ஆம் ஆண்டுகளில் இருபது நாடுகளில் மெக்டொனால்ட்ஸ், கே.எப்.சி. ஆகிய கடைகளுக்குச் சென்று, வறுத்த உருளைக்கிழங்கும் பொரித்த கோழியும் ஒரே அளவாக வாங்கிப் பரிசோதித்தார்கள். அவர்கள் தேடியது ‘டிரான்ஸ்’ கொழுப்பு என்பதை. திரவமான தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தி உறையச் செய்யும்போது பிறக்கும் கொழுப்பு அது. நமது வீடுகளில் இதற்கு வேறு பெயர் உண்டு: வனஸ்பதி. 1940-களில் காந்தியடிகள் வனஸ்பதியை எதிர்த்து எழுதியபோது, நெய்ப் பைத்தியம் பிடித்த பழைய காலத்து மனிதரின் பேச்சென்று நாகரிகர்கள் புன்னகை செய்தார்கள். இருதய வியாதிக்கு இக்கொழுப்பு எவ்வளவு நெருங்கிய துணை என்பதை விஞ்ஞானிகள் ஸ்தாபிக்கப் பிறகு அரை நூற்றாண்டு பிடித்தது.

அந்தப் பரிசோதனையின் முடிவு 2006-இல் அமெரிக்காவின் பிரசித்தி பெற்ற வைத்தியப் பத்திரிகை ஒன்றில் பிரசுரமாயிற்று. ஒரு வேளைப் பகுதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு டென்மார்க் மெக்டொனால்ட்ஸில் ஒரு கிராமுக்கும் குறைவு. அதே கம்பெனியின் நியூயார்க் கடையில் சுமார் 10 கிராம். கே.எப்.சி.யின் ஹங்கேரிக் கடையிலோ 20 கிராமுக்கும் மேல். பெட்டி ஒன்று, பெயர் ஒன்று, பலகையில் சிரிக்கும் தாடிக் கிழவனும் ஒருவனே. உள்ளே இருக்கும் கொழுப்பு மட்டும் இருபது மடங்கு வேறுபடுகிறது.

டென்மார்க் ஜனங்கள்மீது அக்கம்பெனிகளுக்கு விசேஷமான பிரியம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். 2003-ஆம் ஆண்டிலேயே அந்தச் சிறிய தேசம், எந்த உணவின் கொழுப்பிலும் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் தொழிற்சாலை டிரான்ஸ் கொழுப்பு இருக்கலாகாது என்று சட்டம் செய்துவிட்டது. அவ்வளவே விஷயம். முடியாது, ருசி கெடும், விலை ஏறும் என்று பிற நாடுகளில் பிரசங்கம் செய்துகொண்டிருந்த அதே கம்பெனிகள் டென்மார்க்கில் சத்தமில்லாமல் எண்ணெயை மாற்றின. ருசி கெட்டதாக டென்மார்க் வாலிபர் எவரும் புலம்பியதாகத் தெரியவில்லை. நமது மருமகன் சாட்சி. தாய்நாடான அமெரிக்காவில், 2002-இல் தானே முன்வந்து எண்ணெயை மாற்றுவதாக அறிவித்த மெக்டொனால்ட்ஸ், மாற்றாமல் தாமதித்து, அதற்காக வழக்கில் இழுக்கப்பட்டு, 2005-இல் 85 லட்சம் டாலர் கொடுத்து ராஜியாயிற்று. 2006 டிசம்பரில் நியூயார்க் நகரத்துச் சுகாதார சபை தடை விதித்தது. அதன்பின் மாற்றம் வந்தது. வாக்குறுதியால் ஆகாதது விதியால் ஆயிற்று.

நமது தேசத்தின் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் இதற்கான வரம்பை 2021-இல் நூற்றுக்கு 3 என்றும், 2022 ஜனவரி முதல் நூற்றுக்கு 2 என்றும் நமது உணவுப் பாதுகாப்பு ஆணையம் குறைத்தது. நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் டென்மார்க்கின் 2003-க்கும் நமது 2022-க்கும் நடுவே பத்தொன்பது ஆண்டுகள் இருக்கின்றன. அந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் வனஸ்பதியில் பொரித்துத் தின்று வளர்ந்த பிள்ளைகளின் இருதயத்துக்கு ஜவாப் சொல்ல வேண்டியவர் யார்?

உப்பின் விஷயமும் இவ்வாறே. 2012-இல் கனடா தேசத்து வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, ஆறு கம்பெனிகளின் பண்டங்களை ஆறு நாடுகளில் ஒப்பிட்டது. மெக்டொனால்ட்ஸின் கோழி உருண்டையில் 100 கிராமுக்கு இங்கிலாந்தில் 0.6 கிராம் உப்பு, அமெரிக்காவில் 1.6 கிராம். ஒருவனுக்கு நாளொன்றுக்கு 5 கிராம் போதுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது. அமெரிக்கச் சிறுவன் அதில் மூன்றிலொரு பங்கை ஒரு சிறு பொட்டலத்தில் முடித்துவிடுகிறான். உப்பைக் குறைக்கும்படி இங்கிலாந்தின் சர்க்கார் பல்லாண்டுகளாகக் கம்பெனிகளைத் தொந்தரவு செய்துவந்தது. தொந்தரவு செய்தவர்களுக்குப் பலன் கிடைத்தது.

வக்கீல் நண்பருக்கு இலக்கங்களைவிட வழக்குகள்தாம் ருசி. அவர் கூறிய இரண்டு வழக்குகளை இங்கே தருகிறோம்.

முதலாவது அயர்லாந்து தேசத்தில் நடந்தது. அங்கே ரொட்டி போன்ற அவசிய ஆகாரத்துக்கு விற்பனை வரி கிடையாது. சப்வே என்னும் கம்பெனியின் கிளையை நடத்தும் ஒருவர், தாம் விற்பதும் ரொட்டிதானே, வரி ஏன் என்று வழக்காடினார். 2020-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சட்டப்படி மாவின் எடையில் நூற்றுக்கு 2 பங்குக்கு மேல் சர்க்கரை சேர்ந்தால் அது ரொட்டி ஆகாது, சப்வே ரொட்டியில் 10 பங்கு இருக்கிறது, ஆகவே அது ரொட்டியன்று என்று தீர்ப்பளித்தது. வரி கேட்கப் போய் ஜாதியை இழந்தது அந்த ரொட்டி. நமது பரோட்டாவுக்கும் இதே கதி நேர்ந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள்: 2020-இல் கர்நாடகத்து வரி அதிகாரிகள், பொட்டலத்தில் அடைத்த பரோட்டா ரொட்டி வகையைச் சேராது, 18 சதவிகித வரி கட்டவேண்டும் என்றார்கள், 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் 5 சதவிகிதம் போதுமென்றது, 2025 செப்டம்பரில் வரியே எடுக்கப்பட்டது. ஆனால் நமது வழக்குகளில் பெரிதாக எழுந்த கேள்வி பரோட்டாவுக்குள் என்ன இருக்கிறது என்பதன்று. அதன் பெயர் என்ன என்றுதான் கேட்டார்கள். ஐரிஷ்காரர்கள் உள்ளே பார்த்தார்கள்.

இரண்டாவது வழக்கு நம்மவரைச் சேர்ந்தது; சற்று விரிவாகவே சொல்லலாம். மெக்டொனால்ட்ஸ் கம்பெனி 1990-இல் மாட்டுக் கொழுப்பை விட்டுத் தாவர எண்ணெயில் உருளைக்கிழங்கை வறுக்கப் போவதாக அமெரிக்காவில் அறிவித்தது. அதைக் கேட்ட சைவ உணவினரும், அங்கே குடியேறிய நமது தேசத்தாரும் பத்தாண்டுகளாக நிம்மதியாக வாங்கித் தின்றார்கள். 2001-இல் உண்மை வெளிவந்தது. எண்ணெய் தாவர எண்ணெய்தான். ஆனால் கடைக்கு வரும் முன்பே உருளைக்கிழங்கில் மாட்டிறைச்சியின் வாசனைச் சத்துச் சேர்க்கப்பட்டிருந்தது. சியாட்டில் நகரத்தில் இந்திய வக்கீல் ஒருவர் வழக்குத் தொடுத்தார். செய்தி பம்பாய்க்கு எட்டியதும் அங்குள்ள கடையொன்று தாக்கப்பட்டது. கம்பெனி அலறிப்புடைத்துக்கொண்டு, இந்தியாவில் விற்கும் உருளைக்கிழங்கில் மாட்டின் சம்பந்தம் சிறிதுமில்லை என்று தெரிவித்தது. அது மெய்யே. 1996-இல் டில்லியில் முதற்கடை திறந்த நாள்முதல் மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் இன்றியே அக்கம்பெனி இங்கே நடந்துவந்தது. அமெரிக்காவில் 2002-இல் மன்னிப்புக் கோரி, ஒரு கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது.

இந்த வழக்கை நாம் ஏன் விரிவாகச் சொன்னோம்? நாட்டுக்கு நாடு பண்டம் வேறுபடுவதெல்லாம் நமக்குத் தீங்கு என்று கூச்சலிடுவது சுலபம், அஃது உண்மையுமன்று. இங்கே இந்தியப் பண்டமே சுத்தமானது. அமெரிக்கப் பண்டத்தில்தான் ஒளிவு இருந்தது. நமது ஜனங்கள் எதைக் குறித்துக் கண்டிப்பாக இருப்பார்கள் என்று கம்பெனி முன்கூட்டியே அறிந்திருந்தது. மாட்டிறைச்சி விஷயத்தில் நாம் கண்டிப்பானவர்கள். எண்ணெய் விஷயத்தில், சர்க்கரை விஷயத்தில், உப்பு விஷயத்தில் நாம் கண்டிப்பானவர்கள் என்று எவருக்கும் தோன்றும்படி நாம் நடந்துகொண்டதில்லை.

ருசி வேறுபடுவதை நாம் ஆட்சேபிக்கவில்லை. நமது பரோட்டாவே கடல் கடந்து, இலங்கையில் கொத்து ரொட்டியாயிற்று. மலேயாவில் ரொட்டி சானாய் ஆயிற்று. சிங்கப்பூரில் ரொட்டி பிராட்டா என்று பெயர் பெற்றுப் பருப்புக் குழம்போடும் மீன் குழம்போடும் பரிமாறப்படுகிறது. இவற்றால் ஏமாந்தவர் எவருமில்லை. அந்தந்த ஊரார் தங்கள் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள், பெயரையும் மாற்றிக்கொண்டார்கள். நமது ஆட்சேபம் வேறு. நாக்குக்காக மாற்றினால் அது வழக்கம். காவல் இல்லாத இடம் பார்த்து மாற்றினால் அதற்கு வேறு சொல் உண்டு.

காவல் இல்லாத இடம் எப்படியிருக்கும் என்பதற்கு நமது தேசமே திருஷ்டாந்தமாக இருந்திருக்கிறது. 2003 ஆகஸ்டில் டில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம், கோக்க கோலா, பெப்சி முதலிய பன்னிரண்டு வகைப் பானங்களைச் சோதித்து, எல்லாவற்றிலும் பூச்சிக்கொல்லி மருந்தின் எச்சம் ஐரோப்பிய வரம்பைக் காட்டிலும் பல மடங்கு இருப்பதாக அறிவித்தது. அமெரிக்காவில் விற்ற அதே பானங்களையும் வரவழைத்துச் சோதித்தது. அவற்றில் ஒன்றும் அகப்படவில்லை. பார்லிமெண்டுக் கூட்டுக் கமிட்டி ஏற்பட்டது. 2004 பிப்ரவரியில் மையத்தின் முடிவுகளைச் சரியென்று ஒப்புக்கொண்டது. விஷம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், நமது வயல்களில் நாமே தெளித்து, நமது நிலத்தடி நீரில் நாமே இறக்கியது. அதைக் கம்பெனி வடிகட்டியிருக்க வேண்டும்; வடிகட்டு என்று சொல்லும் விதி அன்று நம்மிடம் இருக்கவில்லை. இரு தரப்பிலும் குற்றம் உண்டு; அதை மறைத்து எழுதுவது பத்திரிகைக்கு அழகன்று.

குற்றாலத்து மலையில் பிறக்கும் சிற்றாறு தென்காசி வழியே ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு கலக்கிறது. அந்தத் தாமிரபரணியின் நீரைக் கங்கைகொண்டானிலுள்ள குளிர்பானத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கலாகாது என்று ஜில்லாவாசிகள் வழக்காடி, 2016-இன் இறுதியில் மதுரைக் கிளை நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை பெற்றார்கள். 2017 மார்ச்சில் அம்மனுக்கள் தள்ளுபடியாயின. அதே மார்ச்சு முதல் தேதியிலிருந்து தமிழ்நாட்டு வணிகர்கள் அந்நியக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தீர்மானித்தார்கள். சில காலம் கலர் சோடாக்காரர்களுக்கு நல்ல வியாபாரம். பிறகு பழைய பாட்டில்கள் திரும்பிவந்தன. தீர்மானம் செய்வதில் நமக்குள்ள வேகம் அதைக் காப்பதில் இல்லை என்பதை வருத்தத்தோடு குறிப்பிடுகிறோம்.

குழந்தை உணவின் கதை இன்னும் கசப்பானது. 2024 ஏப்ரலில் ஸ்விட்சர்லாந்திலுள்ள ‘பப்ளிக் ஐ’ என்ற சங்கம், நெஸ்லே கம்பெனியின் செரலாக்கைப் பல நாடுகளில் வாங்கிச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. இந்தியாவில் ஒரு வேளைப் பகுதிக்குச் சராசரி 2.7 கிராம் சேர்க்கைச் சர்க்கரை. தாய்லாந்தில் 6 கிராம். பிலிப்பைன்ஸில் ஒரு வகையில் 7.3 கிராம். கம்பெனியின் பிறந்த வீடான ஸ்விட்சர்லாந்திலும், ஜெர்மனியிலும் அவ்வகை உணவில் சேர்க்கைச் சர்க்கரை இல்லை. இந்தியச் சட்டத்தில் நாம் எதையும் மீறவில்லை என்று கம்பெனி சொல்லிற்று, பேச்சு உண்மை. அந்த ஆண்டு முடிவதற்குள்ளாகவே சர்க்கரை சேராத வகைகளை இங்கும் விற்கப் போவதாக அறிவித்தது. அறிக்கை வெளிவருமுன் முடியாதிருந்தது, வெளிவந்தபின் ஆறு மாதத்தில் முடிந்தது எப்படி? ஸ்விட்சர்லாந்துக் குழந்தைக்கும் ஆலங்குளத்துக் குழந்தைக்கும் பற்கள் ஒரே மாதிரிதான் முளைக்கின்றன.

இப்படிப்பட்ட முறையீடு கீழை நாட்டாருக்கு மட்டும் உரியதென்று நினைக்கவேண்டாம். ஐரோப்பாவிலேயே, செக், ஸ்லோவாக்கியா, ஹங்கேரி முதலிய நாட்டினர், ஜெர்மனியில் விற்கும் அதே பெயருள்ள பண்டம் தங்கள் நாட்டில் தாழ்ந்த சரக்காக வருகிறதென்று வெகுகாலம் குமுறினார்கள். மீன் துண்டில் மீன் குறைவு, சாக்லேட்டில் கொக்கோ குறைவு என்று. முதலில் இதைப் பொறாமைப் பேச்சென்று மேலை நாட்டார் தள்ளினார்கள். பிறகு ஐரோப்பிய யூனியன் பத்தொன்பது நாடுகளில் சோதித்துப் பார்த்து, முன்பக்கம் ஒரே மாதிரியிருந்தும் உள்ளிருப்பது வேறாக இருந்த பண்டங்கள் நூற்றுக்கு 9 என்றும், முன்பக்கம் ஏறக்குறைய ஒத்திருந்து உள்ளே வேறுபட்டவை நூற்றுக்கு 22 என்றும் 2019-இல் தெரிவித்தது. அவ்வாண்டே, ஒரே பண்டமென்று காட்டித் தக்க காரணமின்றி வேறு சேர்மானத்தில் விற்பது ஏமாற்று வியாபாரமாகக் கருதப்படலாம் என்று விதி செய்தது. அவ்விதியை நமது சட்டசபையாரும் பார்லிமெண்டு அங்கத்தினரும் ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். அந்நியக் கம்பெனியை விரட்ட வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. தாய்நாட்டில் என்ன சேர்மானத்தில் விற்கிறாயோ அதையும், இங்கே என்ன சேர்மானத்தில் விற்கிறாயோ அதையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டுக் கடையில் தொங்கவிடு என்றுதான் கேட்கிறோம். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள கடைகள் பண்டத்தின் கலோரிக் கணக்கை எழுதிக்காட்ட வேண்டுமென்ற விதி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பலகையில் இன்னும் இரண்டு வரி சேர்க்க இடமிருக்கும்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த வக்கீல் நண்பர், இலையை மடித்து வைத்துவிட்டு, “நம் வீட்டு எண்ணெயைப் பற்றியும் கொஞ்சம் எழுதும்” என்றார். அவர் சொன்னது நியாயம். குற்றாலம் அருவிக்கரைக் கடைவீதியில் நேந்திரங்காய் சிப்ஸ் கடைகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. ‘சுத்தமான தேங்காய் எண்ணெய்’ என்ற பலகை பெரும்பாலும் எங்கும் காணப்படுகிறது. சாரல் காலத்துக் கூட்டத்தில் ஒரே சட்டி காலைமுதல் இரவுவரை இறங்குவதேயில்லை. திரும்பத் திரும்பக் காய்ந்த எண்ணெயில் விளையும் கேடான சேர்மங்கள் நூற்றுக்கு 25 பங்கைத் தாண்டினால் அவ்வெண்ணெயைக் கொட்டிவிட வேண்டுமென்பது 2018 ஜூலை முதல் அமுலிலுள்ள விதி. அயல்நாட்டுக் கம்பெனிக்கும் அருவிக்கரைக் கடைக்கும் அது ஒன்றுதான்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இல் நிறைவேறி 2011 ஆகஸ்டு 5-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. தரங்குறைந்த உணவுக்கு 5 லட்ச ரூபாய் வரையிலும், பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரையிலும் அதில் அபராதம் உண்டு. இவையெல்லாம் அதிகாரிகள் கையிலுள்ள ஆயுதங்கள். ஜனங்கள் கையில் கொடுக்கப்பட்டிருப்பது 40-ஆவது பிரிவு. அதைத் தொட்டவர் வெகு சிலர். பண்டம் வாங்கிய எவரும், கட்டணம் செலுத்தி, அதைச் சர்க்கார் உணவுப் பகுப்பாய்வாளரிடம் கொடுத்துப் பரிசோதித்து அறிக்கை பெறலாம். பண்டம் விதிக்கு ஒவ்வாதது என்று ஏற்பட்டால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பகுப்பாய்வாளரே அறிக்கையை அதிகாரிக்கு அனுப்பி நடவடிக்கைக்கு வழி செய்வார். ஒரு நிபந்தனை உண்டு: பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன் என்பதை வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட வேண்டும். தென்காசிக்காரர்கள் இதற்காகச் சென்னைக்கு ஓடவேண்டியதில்லை; பாளையங்கோட்டையிலேயே பகுப்பாய்வுக்கூடம் இருக்கிறது.

மருமகனுக்கு இதைக் கேட்டதும் உற்சாகம் பொங்கிற்று. ஊருக்குத் திரும்பும் வழியில் திருநெல்வேலியில் அந்நியக் கம்பெனியொன்றின் கடையில் ஒரு பொட்டலமும், அதற்கு முன் அருவிக்கரையில் ஒரு பொட்டலமும் வாங்கி இரண்டையும் அனுப்பிவிடுவதென்று தீர்மானித்தோம். சாயங்காலம் மழை சற்றே ஓய்ந்தபோது ஒரு சிப்ஸ் கடையின் முன் மூவரும் நின்றோம். கடை எதுவென்று சொல்ல மாட்டோம். கடைக்காரர் அரைக் கிலோ நிறுத்துக் கட்டி நீட்டினார். வக்கீல் நண்பர் பணத்தைக் கொடுத்துவிட்டு, சட்டம் கேட்கிறபடி, மிகுந்த வணக்கத்துடன், “அண்ணாச்சி, இதைப் பாளையங்கோட்டைக்குப் பரிசோதனைக்கு அனுப்பப் போகிறேன், உங்களிடம் சொல்லிவிட வேண்டுமென்பது விதி” என்றார்.

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபிக்கவில்லை. நீட்டிய பொட்டலத்தைப் பதற்றமின்றித் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“அப்படியானால் இது வேண்டாம் அண்ணாச்சி. உள்ளே வேறே போட்டது இருக்கிறது. அதை எடுத்துத் தருகிறேன்.”

“அதையும் கொடுங்கள், இதையும் கொடுங்கள்” என்றார் நண்பர்.

மூன்று பொட்டலங்களும் போயிருக்கின்றன. அறிக்கை கைக்கு வந்ததும் இப்பத்தியிலேயே பிரசுரிப்போம்.